இழுபட்டதை மறக்காத ரப்பர்

வீட்டில் காய்கறிப் பொட்டலத்தைக் கட்டி வந்த ரப்பர் வளையம் ஒன்று எங்காவது கிடக்கும். அதை எடுத்துச் சட்டென்று நீளமாக இழுத்து, இழுத்த நிலையிலேயே மேலுதட்டில் வைத்துப் பாருங்கள். இலேசாகச் சூடு தெரியும். அப்படியே சற்று நேரம் இழுத்துப் பிடித்திருந்து, பிறகு சட்டென்று தளரவிட்டு மீண்டும் உதட்டில் வையுங்கள். இப்போது குளிர்ச்சி தெரியும்.

இது என்ன மாயம்? மாயம் எதுவும் இல்லை. இங்கிலாந்தின் வடக்கே கெண்டல் என்ற ஊரில் வாழ்ந்த ஜான் காஃப் என்ற அறிஞர், 1805-ஆம் ஆண்டிலேயே இதை எழுதி வைத்தார். சிறு வயதில் அம்மை நோயால் பார்வையை இழந்தவர் அவர். கண்ணால் காண முடியாத ஒன்றை உதட்டால் கண்டுபிடித்தார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1859-இல், ஜூல் என்ற புகழ்பெற்ற விஞ்ஞானி அதை அளந்து உறுதிப்படுத்தினார்.

அந்த உதட்டுச் சோதனையில் தொடங்கிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு பொருளை இழுத்தால், அழுத்தினால், முறுக்கினால் அதற்குள் என்னதான் நடக்கிறது? எது திரும்பி வருகிறது? எது வளைந்தபடியே நின்றுவிடுகிறது? எது உடைகிறது? இந்தக் கேள்விக்கு உலகம் பதில் தேடிய கதையில், சிலாங்கூர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்களின் உழைப்பும் கலந்திருக்கிறது. பாடப்புத்தகங்கள் அதைச் சொல்வதில்லை. லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களில்கூடப் பலருக்கு அது தெரியாது.

கம்பி, கண்ணாடி, ரப்பர்

முதலில் இரும்பை எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீளமுள்ள சாதாரண இரும்புக் கம்பி, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும் வரைதான் பொறுத்துக்கொள்ளும். அதுவரை இழுத்து விட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். அதைத் தாண்டினால் கம்பி பணிந்துவிடும். பணிந்த பிறகு விட்டாலும் அது பழைய நீளத்துக்குத் திரும்பாது. வேலிக் கம்பியைக் கையால் வளைத்தால் வளைந்தபடியே நிற்பது இதனால்தான்.

உலோகத்துக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கில் ஆங்காங்கே வரிசை பிசகிய இடங்கள் உண்டு. கனமான பாயைத் தரையில் நகர்த்த வேண்டுமென்றால் என்ன செய்வோம்? முழுப் பாயையும் இழுக்காமல், ஒரு முனையில் சிறு மடிப்பை உண்டாக்கி அந்த மடிப்பை மறுமுனைவரை தள்ளிக்கொண்டு போனால் பாய் எளிதாக நகர்ந்துவிடும் அல்லவா? உலோகத்துக்குள் வரிசை பிசகும் அப்படித்தான் நகர்கிறது. டெய்லர், ஒரோவான், போலன்யி என்ற மூன்று அறிஞர்கள் 1934-இல் தனித்தனியாக இந்த விளக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

கண்ணாடியின் குணம் வேறு. அதில் அணுக்களுக்கு ஒழுங்கான வரிசையே இல்லை. வரிசை இல்லாததால் நகர்ந்து கொடுக்க மடிப்பும் இல்லை. வளைந்து கொடுக்கத் தெரியாத கண்ணாடி உடைந்துவிடுகிறது. ஆனால், கணக்குப்படி தாங்க வேண்டிய பாரத்தில் சிறு பங்கைக்கூடத் தாங்காமல் அது ஏன் உடைகிறது? ஏ. ஏ. கிரிஃபித் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1920-இல் விடை சொன்னார். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்களே காரணம். இழுவை முழுவதும் கீறலின் நுனியில் போய்க் குவிகிறது. கீறல் வளர்வதற்கு வேண்டிய ஆற்றல் கிடைத்துவிட்டால் அது ஓடத் தொடங்கும். பிறகு யாராலும் நிறுத்த முடியாது.

ரப்பர் இந்த இரண்டிலும் சேராதது. தன் நீளத்தைப் போல ஆறேழு மடங்கு இழுத்தாலும் திரும்பி வருகிறது. உலகில் வேறெந்தத் திடப்பொருள் இப்படிச் செய்யும்? இதற்கான காரணம் நெடுங்காலம் புரியவில்லை. 1920-இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஸ்டாடிங்கர், ரப்பர் என்பது மிக நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது என்றார். ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட சிறு கண்ணி ஒன்று ஆயிரமாயிரமாகக் கோக்கப்பட்ட சங்கிலி அது. இன்று பாலிமர் என்று சொல்கிறோமே, அதுதான். அன்றைய வேதியியல் அறிஞர்களில் பலர் அவர் சொன்னதை ஏற்கவில்லை. 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தச் சங்கிலிகள் சும்மா கிடப்பதில்லை. வெப்பத்தால் எந்நேரமும் நெளிந்துகொண்டும் சுருண்டுகொண்டும் இருக்கின்றன. இழுக்கும்போது அவை நிமிர்ந்து வரிசையாக நிற்க வேண்டியிருக்கிறது. விட்டதும் மறுபடியும் தங்கள் போக்கில் நெளியத் தொடங்கிவிடுகின்றன. அந்தத் துடிப்புதான் ரப்பரைத் திரும்ப இழுக்கிறது. வெப்பம் கூடினால் துடிப்பும் கூடும். அதனால்தான், ரப்பர் வளையத்தில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடான காற்றை வீசினால் வளையம் நீளாமல் சுருங்கும். கல் மேலே ஏறும்! இரும்புக் கம்பியோ சூடு பட்டால் நீளும். பள்ளிப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் செய்து பார்த்துவிடலாம்.

வட சிலாங்கூர் மண்ணில்

இனி, அந்த ரப்பர் வந்த வழியைப் பார்ப்போம்.

சுங்கை ஆயர் தாவார் சபாக் பெர்ணம் மாவட்டத்துக் கடலோரத் தாழ்நிலம். மலாய் மொழியில் ஊரின் பெயருக்கு நன்னீர் ஆறு என்று பொருள். தென்னையும் செம்பனையும் நிறைந்த பூமி. அங்கிருந்து தெற்கே வந்தால் சுங்கை பெசார், சிகிஞ்சான் வயல்வெளி, தஞ்சோங் காராங் என்று சாலை நீண்டு, கோலசிலாங்கூரில் வந்து சேரும். அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பினால், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரம். 2007 முதல் அதன் பெயர் பெஸ்தாரி ஜெயா. சிலாங்கூர் தோட்ட வரலாற்றில் இந்த வட்டாரத்துக்குத் தனி இடம் உண்டு.

ரப்பர் மரம் இந்த மண்ணுக்குச் சொந்தமானதல்ல. 1876-இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். அங்கு முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு 1888-இல் பொறுப்பேற்ற ரிட்லி, மரம் சாகாமல் நாள்தோறும் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை உருவாக்கினார். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். அதன் பிறகு காடுகள் சாய்ந்தன. கித்தாக் காடுகள் எழுந்தன.

கோலசிலாங்கூர் பக்கம் ரந்தாவ் பஞ்சாங்கில் 1900களின் தொடக்கத்தில் தோட்டம் போட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். 1917-இல் அவர் உருவாக்கிய தென்னமரம் தோட்டம்தான் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். பெயரைக் கவனியுங்கள். தமிழ்ப் பெயர்! தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவல் 1930-இல் பிரான்ஸின் உயரிய கொன்கூர் பரிசைப் பெற்றது. நாவலுக்குப் பரிசு கிடைத்தது. அந்த மண்ணைத் திருத்தியவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதைப் பிறகு பார்ப்போம்.

விடியற்காலைக் கணக்கு

விடியும் முன்னே பெரட்டுக்கு நிற்க வேண்டும். தலையில் விளக்கு, கையில் வெட்டுக் கத்தி, காண்டாக் கம்பில் வாளிகள். கொசுக்கடியும் பனியும் அட்டையும் சேர்ந்த இருட்டில் வேலை தொடங்கிவிடும். இப்படி விடியும் முன்னே எழுப்பியது துரைமாரின் கொடுமை என்றே பலரும் நினைத்திருப்பார்கள். கொடுமைகள் வேறு உண்டு. ஆனால், இந்த நேரத்தைக் குறித்தது மரம்தான்.

மரப்பட்டைக்குள் ஓடும் பால் குழாய்களில் பால் பெரும் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பட்டரி, போட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த அழுத்தத்தை அளந்து 1964-இல் வெளியிட்டார்கள். காற்று மண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 10 மடங்கு, சில வேளைகளில் 15 மடங்கு! கார் டயருக்குள் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல இது பல மடங்கு அதிகம். இரவு முழுவதும் வேர் உறிஞ்சிய நீரால் விடியற்காலையில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கியதும் அழுத்தம் இறங்கிவிடும். தாமதமாக வெட்டினால் பால் குறையும். பால் குறைந்தால் கூலி குறையும்.

பட்டையைச் சீவுவதும் சாதாரண வேலை இல்லை. ஆழம் குறைந்தால் பால் குழாய்கள் அறுபடாது. ஆழம் கூடினால் உள்ளே இருக்கும் வளர்திசு காயப்படும். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அடுத்த முறை அங்கே வெட்ட முடியாது. இரண்டுக்கும் நடுவில் விடப்படும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுதான். விளக்கு வெளிச்சத்தில், ஒரு காலைப் பொழுதில் சில நூறு மரங்களில், இந்த அளவு தவறாமல் கத்தியை ஓட்டிய கைகள் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத பெண்களின் கைகள். அளவுகோல் எதுவும் அவர்களிடம் இல்லை. விரல்தான் அளவுகோல்.

சேகரித்த பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். ஸ்டோரில் அதை வடிகட்டி, ஃபார்மிக் அமிலம் விட்டு உறைய வைத்து, உருளைகளுக்கு இடையில் அழுத்தித் தகடாக்கிப் புகைவீட்டில் தொங்கவிடுவார்கள். சில நாள் புகையில் காய்ந்து தேன் நிறத்தில் வெளிவரும் அந்தத் தகடுதான் கப்பல் ஏறியது.

பச்சை ரப்பரின் குறை

தோட்டத்திலிருந்து போன தகடு முழுமையான ரப்பர் ஆகிவிடவில்லை. பச்சை ரப்பரை இழுத்துப் பிடித்தபடி நெடுநேரம் வைத்திருந்தால் சங்கிலிகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கி நகர்ந்துவிடும். பிறகு விட்டால் முழுவதும் திரும்பாது. வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். 1820களில் மழைக்கோட்டு செய்து விற்ற மேக்கின்டாஷ் காலத்திலேயே இந்தத் தொல்லை இருந்தது.

1839-இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், கந்தகத்தைக் கலந்து சூடாக்கினால் ரப்பர் உறுதிப்படுவதைக் கண்டார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் அதே முறைக்கு அங்கே காப்புரிமை பெற்றார். கந்தகம் என்ன செய்கிறது? தனித்தனியாக வழுக்கிக்கொண்டிருந்த சங்கிலிகளை ஆங்காங்கே முடிச்சுப் போட்டு வலையாக்கிவிடுகிறது. வலை நீளும். ஆனால், முடிச்சு இருப்பதால் ஒன்றை விட்டு ஒன்று ஓடிப்போக முடியாது. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். அதன்பின் வந்த மோட்டார் வண்டிக் காலம் மலாயாவின் தலையெழுத்தையே மாற்றிவிட்டது.

ஆராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

பலரும் கவனிக்காத இடம் இதுதான்.

1925-இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சட்டப்படி உருவானது. சுங்கை பூலோவில் அதன் பெரிய சோதனைத் தோட்டம் இருந்தது. 1938-இல் இங்கிலாந்தில் பிரிட்டிஷ் ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிச் சங்கம் தொடங்கப்பட்டது. அதற்குப் படியளந்தது ஏற்றுமதியாகும் ரப்பரின் மீது விதிக்கப்பட்ட தீர்வை. பின்னாளில் மலேசிய ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிச் சங்கம் என்ற பெயரே அதற்கு வந்தது. ஹெர்ட்ஃபோர்ட் நகரை ஒட்டிய அதன் ஆய்வகத்துக்கு, நாட்டின் இரண்டாவது பிரதமர் துன் அப்துல் ரசாக்கின் பெயர் சூட்டப்பட்டது.

அந்தச் சங்கத்தில் பணியாற்றியவர்களின் பெயர்களைப் பார்த்தால் வியப்பு ஏற்படும். ரப்பரின் மீள்தன்மையைப் பற்றி 1949-இல் புகழ்பெற்ற நூலை வெளியிட்ட ட்ரெலோர் அங்கே இருந்தார். பெரிய அளவில் உருமாறும் பொருள்களுக்கான கணிதத்தை வகுத்த ரிவ்லின் அங்கே இருந்தார். கண்ணாடியின் கீறலுக்கு கிரிஃபித் சொன்ன ஆற்றல் கணக்கு ரப்பர் கிழிவதற்கும் பொருந்தும் என்று ரிவ்லினும் தாமஸும் 1953-இல் காட்டினார்கள். கண்ணாடியும் ரப்பரும் ஒரே கணக்குக்குள் வந்த இடம் அது. இன்றைக்கு உலகெங்கும் பொறியியல் மாணவர்கள் படிக்கும் பாடம்.

லெனார்ட் முல்லின்ஸ் என்பவரும் அங்கேதான் இருந்தார். பின்னாளில் அந்த ஆய்வகத்துக்கே தலைமை தாங்கியவர். கரிப்பொடி கலந்த ரப்பரை ஒருமுறை நன்றாக இழுத்து விட்டால், அடுத்த முறை அது முன்போல் இறுக்கமாக இருப்பதில்லை. முதல் முறை இழுத்த தூரம் வரை தளர்ந்தே இருக்கும். அந்தத் தூரத்தைத் தாண்டினால்தான் பழைய இறுக்கம் மீண்டும் தெரியும். தனக்கு நேர்ந்த மிகப்பெரிய இழுப்பு எவ்வளவு என்பதை ரப்பர் நினைவில் வைத்திருக்கிறது! 1940களின் இறுதியில் அவர் ஆராய்ந்த இந்தக் குணம் 'முல்லின்ஸ் விளைவு' என்றே உலகில் வழங்குகிறது.

ஒரு டன் ரப்பர் ஏற்றுமதியானால் அதில் ஒரு சிறு பங்கு ஆராய்ச்சிக்குப் போனது. அந்த ஒரு டன்னுக்குப் பின்னால் எத்தனை விடியற்காலைகள், எத்தனை மங்குகள்! பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பைத் தாண்டாத கைகள் சேர்த்த பாலில், பல்கலைக்கழகங்கள் கற்பிக்கும் இயற்பியல் வளர்ந்தது என்றால் மிகையாகாது.

தரத்தைக் கண்ணால் பார்த்த காலம் போனது

நெடுங்காலம் ரப்பர் தகட்டைக் கண்ணால் பார்த்தே தரம் பிரித்தார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குமிழி இருக்கிறதா, தூசி இருக்கிறதா, நிறம் சரியா என்று பார்ப்பார்கள். தொழிற்சாலைக்குத் தேவையான கேள்வியோ வேறு. அழுத்தினால் எவ்வளவு பணிகிறது? சூட்டில் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது?

1965-இல் மலேசியா தர நிர்ணய ரப்பர் திட்டத்தைக் கொண்டுவந்தது. சோதனைச்சாலை அளவுகளை வைத்து ரப்பரை விற்ற முதல் நாடு மலேசியாதான். ஒரு சிறு ரப்பர் வில்லையை 100 பாகை செல்சியஸ் சூட்டில் இரண்டு தட்டுகளுக்கு இடையில் நசுக்கி, அதன் தடிமனை அளப்பார்கள். இன்னொரு வில்லையை 140 பாகையில் அரை மணி நேரம் வாட்டி எடுத்து அதே போல் நசுக்குவார்கள். இரண்டையும் ஒப்பிட்டால் அந்த ரப்பர் சூட்டில் எவ்வளவு கெட்டுப்போகும் என்று தெரிந்துவிடும். செம்பு போன்ற உலோகங்கள் சிறிதளவு கலந்துவிட்டாலும் ரப்பர் சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால், மங்கைத் துடைத்து வைப்பதிலிருந்து வாளியைக் கழுவி வைப்பது வரை வெட்டுக்காரரின் ஒவ்வொரு பழக்கமும் ரப்பரின் தரத்தில் போய்ச் சேர்ந்தது.

கட்டடத்தையே தாங்கிய ரப்பர்

ஆராய்ச்சி புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. 1957-இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் கட்டப்பட்ட பெல்ஹம் பாலத்தின் அடியில் இயற்கை ரப்பர் திண்டுகள் வைக்கப்பட்டன. ரப்பர் படலங்களுக்கு இடையில் எஃகுத் தகடுகளை அடுக்கி ஒட்டிச் செய்த திண்டுகள் அவை. எஃகு இருப்பதால் மேலிருந்து வரும் பாரத்தில் ரப்பர் பிதுங்காது. ரப்பர் இருப்பதால் பக்கவாட்டில் அசைந்து கொடுக்கும். இரும்பின் உறுதியும் ரப்பரின் நெகிழ்வும் ஒரே திண்டில்!

இதே எண்ணம் நிலநடுக்கத்துக்கும் பயன்பட்டது. 1985-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ராஞ்சோ குக்கமோங்கா என்ற ஊரில், நான்கு மாடி நீதிமன்றக் கட்டடம் 98 ரப்பர் திண்டுகளின் மீது கட்டி முடிக்கப்பட்டது. நிலநடுக்கத்தைத் தாங்க இப்படித் திண்டுகளின் மேல் அமைந்த முதல் அமெரிக்கக் கட்டடம் அதுதான். அந்த ரப்பர்க் கலவையை உருவாக்கியது மலேசிய ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிச் சங்கம். பூமி அதிரும்போது திண்டு பக்கவாட்டில் அசையும். அதிர்வின் ஆற்றலில் ஒரு பகுதியை ரப்பர் வெப்பமாக மாற்றிவிடும். மேலே கட்டடம் மெதுவாக ஆடுமே தவிர நொறுங்காது. 2014 மார்ச் 1-இல் திறக்கப்பட்ட பினாங்கு இரண்டாவது பாலத்திலும் இயற்கை ரப்பர் திண்டுகள் பொருத்தப்பட்டுள்ளன என்பது குறிப்பிடத்தக்கது.

மீள்தன்மை கைவிட்டால் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்தது. 1986 ஜனவரி 28-ஆம் நாள் அமெரிக்க விண்கலம் சேலஞ்சர், புறப்பட்ட 73 விநாடிகளில் சிதறி ஏழு பேர் மாண்டார்கள். ராக்கெட்டின் இணைப்பில் இருந்த செயற்கை ரப்பர் வளையம் அன்றைய கடுங்குளிரில் விறைத்துப்போய், இடைவெளியை உடனே அடைக்கத் தவறியது. விசாரணைக் குழுவில் இருந்த ரிச்சர்ட் ஃபைன்மன், அந்த ரப்பர்த் துண்டைக் கவ்வியில் நெருக்கிப் பனிக்கட்டித் தண்ணீரில் போட்டு எடுத்தார். கவ்வியைத் தளர்த்தியும் ரப்பர் உடனே திரும்பவில்லை. உலகமே பார்க்க ஒரு குவளைத் தண்ணீரில் உண்மை வெளிவந்தது.

இழுபட்ட மனிதர்கள்

ரப்பர் எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்று அளக்க ஆய்வகம் இருந்தது. அதை எடுத்துத் தந்த மனிதர்கள் எவ்வளவு தாங்குவார்கள் என்று யார் அளந்தார்கள்?

1907-இல் உருவான தமிழர் குடியேற்ற நிதியின் துணையோடு, கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள். 1928-இல் நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி, எளிதில் சென்று வரக்கூடிய பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைந்தது. பல்லாயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை ஏறினால் ஆள் வேண்டும், விலை இறங்கினால் ஆள் வேண்டாம். ரப்பரைப் போலவே மனிதர்களையும் இழுத்தார்கள், விட்டார்கள். 1938-இல் கூலி மீண்டும் குறைக்கப்பட்டபோது, உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்துக்கு இந்திய அரசு தடை விதித்தது.

1941-இல் பொறுமை எல்லையைத் தொட்டது. கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் சிலாங்கூரில் பரவியது. ஆர். எச். நாதன் அதன் முன்னணித் தலைவர். கூலி உயர்வு மட்டும் அவர்கள் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், பெண்களிடம் அத்துமீறல் நிற்க வேண்டும், கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். சைக்கிளை விட்டு இறங்குவது சிறிய விஷயமா? கிரிஃபித் சொன்ன கீறலும் கண்ணுக்குத் தெரியாததுதான். இழுவை முழுவதும் அங்கேதான் குவிந்தது. நாதன் நாடு கடத்தப்பட்டார். படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

அடுத்து வந்தது ஜப்பானியர் ஆட்சி. தோட்டங்களிலிருந்து இளைஞர்கள் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1950களின் இறுதியில் ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, வேலையும் வீடும் ஒன்றாகப் பறிபோகும் நிலை வந்தது. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் தோட்டங்களையே வாங்கியது. கந்தகம் ரப்பருக்குப் போடும் முடிச்சைப் போல, தனித்தனியாக நழுவிக்கொண்டிருந்தவர்களைச் சங்கமும் கூட்டுறவும் ஓரளவு சேர்த்துப் பிடித்தன.

ஆனால், எல்லா முடிச்சும் நிலைக்கவில்லை. ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். 1990களின் தொடக்கத்தில் ரப்பர் உற்பத்தியில் தாய்லாந்து மலேசியாவை முந்தியது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. சுங்கை பூலோ சோதனைத் தோட்ட நிலமும் புதிய நகரமாக மாறி வருகிறது. லயங்கள் காலியாயின. கோயிலும் பள்ளியும் இருந்த இடம் எதுவென்று சொல்ல, வயதானவர்கள் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள்.

யாருடைய நினைவு?

முல்லின்ஸ் கண்ட ரப்பர், தான் பட்ட இழுப்பை மறப்பதில்லை. வெளியே பார்த்தால் பழைய வடிவத்துக்கே திரும்பிவிட்டது போலத் தெரியும். மறுபடி இழுத்துப் பார்த்தால்தான் உள்ளே நடந்த மாற்றம் தெரியவரும். தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்களும் அப்படித்தான். புது வீடு, புது வேலை, வாசலில் கார். சரியாகிவிட்டதாகவே தோன்றும். ஆனால், கடன் வந்தால், நோய் வந்தால், பிள்ளையின் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டி வந்தால், முன்பு இழுபட்ட இடத்திலேயே முதலில் தளர்கிறது. மூன்று தலைமுறைக்கு நிலம் இல்லை, சொந்த வீடு இல்லை என்பதன் விளைவு ஒரே தலைமுறையில் போய்விடாது. இதைப் புரிந்துகொள்ளாமல், உழைத்தால் முன்னேறலாமே என்று எளிதாகச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. உழைப்பில் அந்த மக்கள் என்றைக்குக் குறை வைத்தார்கள்?

இந்த வரலாற்றை எழுதி வைக்க வேண்டிய நேரம் குறைந்துகொண்டே வருகிறது. ஆய்வாளர்களின் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. அவர்களுக்குப் பால் எடுத்துத் தந்தவர்களின் பெயர்கள் பழைய செக்ரோல் புத்தகங்களில் இருந்தன. தோட்டம் கைமாறும்போது அலுவலகக் காகிதங்களோடு அந்தப் புத்தகங்களும் போய்விடுகின்றன. பழைய வெட்டுக் கத்தி, மங்கு, உருளை இயந்திரம் ஆகியவை இரும்புக் கடைக்குப் போகுமுன் ஒரு தமிழ்ப்பள்ளியின் அறிவியல் அறைக்குப் போய்ச் சேரலாம். பொருளின் பெயர், தோட்டத்தின் பெயர், அதைப் பயன்படுத்தியவரின் பெயர் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதி வைத்தாலே போதும், வரலாற்றின் ஒரு துண்டு தப்பித்துவிடும்.

அறிவியல் ஆசிரியர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. மீள்தன்மைப் பாடம் வரும் நாளில் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு ரப்பர் வளையம் கொடுத்து உதட்டுச் சோதனையைச் செய்யச் சொல்லலாம். அன்று மாலை வீட்டில் பாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு வரச் சொல்லலாம்: "பாட்டி, பால் வெட்ட ஏன் விடியும் முன்னாலேயே போனீங்க?"

பாட்டிக்குப் பதில் தெரியும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பார். அந்தப் பதிலில் பட்டரியும் போட்மனும் 1964-இல் அளந்த அழுத்தம் அடங்கியிருக்கிறது என்பதை மறுநாள் வகுப்பில் ஆசிரியர் சொல்லிக்கொடுக்கலாம்.